பழைய ஃபைபர் படகில் இற்றுப்போன ஸ்டிரிங்கர்களை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏரிக்கரை ஊர்களில் வாழ்பவர்களுக்கு முப்பது, நாற்பது ஆண்டுப் பழமையான கண்ணாடியிழைப் படகுகள் மிகக் குறைந்த விலைக்கும், சில வேளை இலவசமாகவும் கிடைப்பதுண்டு. அப்படி ஒரு படகு என்னிடமும் வந்து சேர்ந்தது. 17 அடி நீளம். 1980களில் அமெரிக்காவில் கட்டப்பட்டது. இயந்திரம் படகுக்குள்ளேயும் சுழலி பின்புறம் வெளியேயும் அமைந்த ஸ்டெர்ன்டிரைவ் வகை. அதன் அடிப்பகுதியைத் திறந்து, எலும்புக்கூட்டை மாற்றி, மறுபடி மூடுவதற்கு எனக்கு இரண்டு குளிர்காலங்கள் ஆயின. அதன் பிறகு நண்பர்கள் கேட்ட கேள்விகளையும், தொடங்கும் முன் நானே கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்டிரிங்கர் என்பது எது?

படகின் ஓட்டுக்குள், அணியம் எனப்படும் முன்முனையிலிருந்து பின்பலகை வரை நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டை. சிறிய படகில், அடிப்பகுதியின் நடுக்கோடான ஏராவின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டும், சற்று அகலமான படகில் நான்கும் இருக்கும். மரப்படகில் ஏராக்கட்டையும் விலா எலும்பு போன்ற வங்குகளும் சேர்ந்து செய்யும் வேலையின் பெரும்பகுதியை ஃபைபர் படகில் இவை செய்கின்றன. ஓட்டின் அடிப்பகுதி அலையில் மோதும்போது உள்வாங்காமல் காப்பதும், நாம் நிற்கும் தளத்தைத் தாங்குவதும், ஸ்டெர்ன்டிரைவ் படகுகளில் இயந்திரத்தின் முன்பகுதி எடையைச் சுமப்பதும் இவற்றின் பணிகள். நான் பேசும் காலத்துப் படகுகளில் ஒட்டுப்பலகையையோ டக்ளஸ் ஃபிர் மரத்தையோ நிறுத்தி, அதன் மேல் கண்ணாடியிழைத் துணியைப் பாலியெஸ்டர் ரெசின் என்ற, இறுகிக் கெட்டியாகும் பிசினில் நனைத்துப் போர்த்தியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஃபைபராகத் தெரிவதால், உள்ளே மரம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

முழுவதும் ஃபைபரால் மூடப்பட்ட மரம் எப்படி இற்றுப்போகிறது?

மரத்தை மக்கச் செய்வது ஒரு பூஞ்சை. அதற்கு ஈரம், காற்று, மிதமான வெப்பம் மூன்றும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அதனால் வேலை செய்ய முடியாது. ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்டிவிட்டால் அதற்குக் கொண்டாட்டம்தான். ஆகவே கேள்வி, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போயிற்று என்பதே.

என் படகைத் திறந்தபோது அதற்கான விடை துளைத் துளையாகக் கண்ணில் பட்டது. இருக்கைகளைத் தளத்தோடு பிணைத்த திருகாணிகள் தளத்தைக் கடந்து நேராக ஸ்டிரிங்கரின் மேல்விளிம்பில் இறங்கியிருந்தன. ஒரு பக்கத்து நீர் மறுபக்கம் வடிவதற்காக ஸ்டிரிங்கரின் அடியில் போட்ட வடிகால் துளைகளின் உட்சுவர் வெறும் மரமாகவே விடப்பட்டிருந்தது. இயந்திரத்தைத் தாங்கும் பெரிய திருகாணிகளுக்குப் போட்ட துளையிலும் ரெசின் பூச்சு இல்லை. தளத்துக்கு அடியில் தெரியாத பக்கத்தில், ஒட்டுப்பலகையின் மேல் ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே இருந்தது. போதாக்குறைக்கு, பாலியெஸ்டர் ரெசின் கண்ணாடியிழையோடு நன்றாகப் பிணையுமே தவிர, மரத்தோடு அதன் பிடிப்பு சுமார்தான். காலப்போக்கில் போர்வை மரத்தை விட்டு விலகி, உள்ளே போன நீர் பரவுவதற்கு இடம் தருகிறது. மரத்தைப் பயன்படுத்தியதைக் குறை சொல்வது எளிது. என்னைக் கேட்டால், துளைகளை மூடாமல் விட்டதுதான் படகைக் கெடுத்தது. இந்தப் பக்கத்தில் நான் எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பேன்.

இன்னொன்று: படகை அதிகம் கெடுப்பது அது மிதக்கும் நீர் அன்று, மழைநீர். உப்பு, பூஞ்சையை ஓரளவு தடுக்கும். மழைநீர் அதை வளர்க்கும். கிழிந்த தார்ப்பாயின் கீழ் வீட்டுக் கொல்லையில் பத்து ஆண்டுகள் நின்ற படகு, அதே பத்து ஆண்டுகள் கடலில் ஓடிய படகைவிட மோசமாக இற்றுப்போயிருப்பதில் வியப்பில்லை.

வாங்கும் முன், தளத்தைப் பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் தளத்தின் மேல் நடந்து பாருங்கள். கால் சற்றே அமிழ்கிற இடத்தில் தளப்பலகை போய்விட்டது என்று பொருள். தளம் போன இடத்தில் அதன் கீழுள்ள ஸ்டிரிங்கர் தப்பித்திருப்பது அரிது. அடுத்து, சிறு சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். இற்ற இடம் ஈரமான மண்சுவரைத் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். இயந்திர அறையைத் திறந்து, தாங்கிகளின் திருகாணிகளை ஒரு ஸ்பானரால் இறுக்கிப் பாருங்கள். பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மேற்கொண்டு சோதனை தேவையில்லை.

உறுதியான சான்று துளையிட்டுப் பார்ப்பதுதான். ஸ்டிரிங்கரின் பக்கவாட்டில், அடிப்பகுதிக்கு அருகே, 6 மில்லிமீட்டர் துளை ஒன்றை மறுபக்கம் போகாத அளவுக்குப் போட்டு, வெளியே வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிறிய, உலர்ந்த சுருளாக வந்தால் மரம் நலம். கறுத்த பழுப்பு நிறத்தில், காப்பித்தூள் சக்கை போலப் பிசுபிசுவென்று வந்தால் மாற்றியே ஆகவேண்டும். சோதித்த துளைகளை அன்றே எபாக்சி என்ற வலுவான ரெசினால் அடைத்துவிடுங்கள். உரிமையாளர் துளையிட அனுமதிக்கவில்லை என்றால், படகை இழுவண்டியோடு எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அதே மாதிரிப் படகுக்குத் தயாரிப்பாளர் குறித்த எடையோடு ஒப்பிடலாம். படகு மிதப்பதற்காகத் தளத்துக்கடியில் நிரப்பிய நுரை, ஊறிப்போய் எவ்வளவு நீரைச் சுமக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். என் படகிலிருந்து அள்ளிய நுரையைச் சாக்குச் சாக்காக நிறுத்தபோது 180 கிலோ இருந்தது. உலர்ந்திருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருந்திருக்காது.

தளத்தைப் பிரிக்காமல், துளை போட்டு எபாக்சியை ஊற்றி மரத்தைக் கெட்டிப்படுத்தலாமா?

வேண்டாம். நீர்த்த எபாக்சி உலர்ந்த மரத்தில்தான் ஊறும். இற்ற மரமோ தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊற்றுகிற எபாக்சி துளையைச் சுற்றி ஒரு முளையாக இறுகி நின்றுவிடும், இரண்டு அங்குலத்துக்கு அப்பால் மரம் முன்போலவே ஈரமாக இருக்கும். தப்பிப்பிழைத்த ஒரு சிறு பகுதியில், திறந்து உலர்த்திய பிறகு, ஒரு திருகாணித் துளையைச் சீராக்க இம்முறை உதவும். அதற்கு மேல் இதை நம்புவது, இடிந்த சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும்.

ஸ்டிரிங்கர் போனால் டிரான்சமும் போயிருக்குமா?

டிரான்சம் என்பது படகின் பின்பலகை. இயந்திரத்தின் உந்துவிசை முழுவதையும் வாங்கிக்கொள்வது அதுதான். அதிலும் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கிறது, அதிலும் துளைகள் இருக்கின்றன. எனவே பெரும்பாலான படகுகளில் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும். வெளிப்புற இயந்திரம் பொருத்திய படகானால், இயந்திரத்தின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துக்கொண்டே பின்பலகையைக் கவனியுங்கள். அது வளைந்து கொடுத்தால் வேலை இரட்டிப்பு. இரண்டையும் மாற்றுவதானால் முதலில் டிரான்சம், பிறகு ஸ்டிரிங்கர் என்பதே வரிசை. ஸ்டிரிங்கரின் பின்முனை புதிய டிரான்சத்தோடு பிணைய வேண்டும் அல்லவா?

வெட்டத் தொடங்கும் முன் செய்யவேண்டியது என்ன?

ஓட்டைத் தாங்குவது. இந்த வேலையில் மிகப் பெரிய தவறு நடக்கும் இடம் இதுதான், அது நடந்ததும் வெளியே தெரியாது. ஸ்டிரிங்கர்களையும் தளத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது முதுகெலும்பில்லாத ஓர் ஓடு. அது எதன் மேல் கிடக்கிறதோ அதன் வடிவத்துக்கு மெல்ல மெல்ல மாறும். அந்த நிலையில் புதிய ஸ்டிரிங்கர்களை ஒட்டினால், கோணலை நிரந்தரமாக்கியவர் ஆவீர்கள். அடிப்பகுதியின் பின்பாதி உட்குழிந்து போனால் படகு ஓடும்போது அணியம் கீழே அழுந்தும். புடைத்துப் போனால் அணியம் தவளை போல எகிறிக் குதிக்கும். எந்த இயந்திரச் சீரமைப்பும் பிறகு இதைச் சரிசெய்யாது.

உருளைகள் உள்ள இழுவண்டியில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். உருளை ஒரே புள்ளியில் எடையைக் குவிக்கும். நீளமான மரத்தாங்கிகள் உள்ள இழுவண்டி பரவாயில்லை. அதைவிட, ஓட்டின் வளைவுக்கேற்ப வெட்டிய பலகைகளை நான்கைந்து இடங்களில் குறுக்காக நிறுத்தி, ஏராவின் அடியிலும் முட்டுக்கொடுத்துத் தொட்டில் போல ஒன்று செய்வதே மேல். ஒரு நேரான அலுமினியச் சட்டத்தை வெளியே அடிப்பகுதியில், பின்முனையிலிருந்து முன்னோக்கி ஐந்தடி நீளத்துக்கு வைத்து, இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால், வெட்டும் முன்பே முட்டுகளைச் சரிசெய்து நிமிர்த்துங்கள். பிறகு மேல்விளிம்புகளுக்கு இடையே குறுக்குச் சட்டங்களை இணைத்து, படகு அகலத்தில் விரியாமல் கட்டுங்கள். கொத்தனார் பயன்படுத்தும் நூலும் ரசமட்டமும் இங்கே போதுமானவை. டிரான்சத்தின் நடுவிலிருந்து அணியத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, வேலை முடியும்வரை அதை அவிழ்க்காமல் வைத்திருங்கள்.

அதன் பின் அளவெடுப்பு. மேல்விளிம்புகளின் மீது ஒரு சட்டத்தைக் குறுக்காக வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு ஸ்டிரிங்கரின் தலைக்கும் ஓட்டுக்கும் எவ்வளவு ஆழம் என்று அடிக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். நிழற்படங்கள் எத்தனை எடுத்தாலும் கூடுதல் ஆகாது. ஆறு மாதம் கழித்து, ஒரு துளை எதற்காக இருந்தது என்று அந்தப் படங்கள்தான் சொல்லும்.

பழையதை எப்படி வெட்டி எடுப்பது?

வட்ட ரம்பத்தின் ஆழத்தைத் தளப்பலகையின் தடிமனுக்கு மட்டும், அதாவது 12 முதல் 16 மில்லிமீட்டருக்கு அமைத்து, ஓட்டின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டுச் சுற்றிலும் வெட்டுங்கள். அந்த விளிம்பு பின்னால் புதிய தளத்தின் உயரத்துக்கு அடையாளமாக இருக்கும். நுரையைத் தட்டையான மண்வெட்டியாலும் கைரம்பத்தாலும் கட்டி கட்டியாக அறுத்து எடுக்கலாம்.

ஸ்டிரிங்கரைப் பொறுத்தவரை எனக்குப் பயன்பட்ட வழி இது: மேற்புறத்தையும் ஒரு பக்கத்தையும் கிரைண்டரால் அறுத்து, இற்ற மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபக்கத்து ஃபைபர் போர்வையை மட்டும் அப்படியே நிற்கவிட வேண்டும். புதிய பலகையின் வடிவத்தை அட்டையில் வரைந்தெடுக்கவும், அது நிற்கவேண்டிய கோட்டை ஓட்டின் மேல் குறிக்கவும் அந்தப் போர்வை உதவும். குறித்த பிறகு அதையும் நீக்கிவிடுங்கள். சிலர் இரண்டு போர்வைகளையும் விட்டுவைத்து, இடையே புதிய பலகையைச் செருகி ரெசினை ஊற்றிவிடுகிறார்கள். குறுகிய அந்த இடுக்கின் உட்சுவரைத் தேய்த்துச் சுத்தப்படுத்த வழியில்லாததால் ஒட்டு பிடிக்குமா என்பதை நம்பிக்கைக்கு விடவேண்டியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து ஸ்டிரிங்கரை மட்டும் எடுத்துப் புதியதைப் பொருத்திய பின் அடுத்ததைத் தொடுவது, ஓட்டின் வடிவத்தைக் காக்கும் இன்னொரு பாதுகாப்பு.

கடைசியாக 36 எண் உராய்வுத் தகட்டால், சுத்தமான கண்ணாடியிழை தெரியும்வரை ஓட்டின் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். இதைப் போல அரிப்பெடுக்கும் வேலை வேறில்லை. முழுமுகக் கவசத்தோடு கூடிய சுவாச வடிகட்டி, தலைமூடியுள்ள ஒருமுறை அணியும் முழு உடுப்பு, கையுறை, மணிக்கட்டில் ஒட்டுநாடா ஆகியவை இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த நீரில் குளியுங்கள். வெந்நீர் தோலின் துளைகளைத் திறந்து இழைகளை உள்ளே விட்டுவிடும் என்று இந்த வேலையில் பழகியவர்கள் சொல்வார்கள்.

புதிய ஸ்டிரிங்கருக்கு எந்த மரம்?

கடல்தர ஒட்டுப்பலகை. பிரிட்டனின் பிஎஸ் 1088 தரக்குறியோ, இந்தியாவில் ஐஎஸ் 710 தரக்குறியோ உள்ள பலகையில் உள்ளடுக்குகளில் வெற்றிடம் இராது. பசை கொதிநீரையும் தாங்கும். பசையின் தரம் மட்டும் போதும் என்றால் வெளிப்புறப் பயன்பாட்டுப் பலகையும் உதவும், ஆனால் அடுக்குகளுக்கிடையே உள்ள பொந்துகள் தண்ணீருக்கு வாய்க்காலாகிவிடும். 18 மில்லிமீட்டர் பலகைகள் இரண்டை ஒட்டினால் வழக்கமான தடிமன் கிடைக்கும். பலகையின் நீளம் எட்டடிதான் என்பதால் இணைப்பு தவிர்க்க முடியாதது. இரண்டு அடுக்குகளின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வராமல் குறைந்தது இரண்டடி தள்ளி அமையுங்கள்.

மருந்தூட்டிய மரத்தை வாங்கினால் இற்றுப்போகாதே என்று பலர் கேட்கிறார்கள். கடையில் கிடைக்கும் நிலையில் அது பெரும்பாலும் ஈரமாக இருக்கிறது. ஈரமான மரத்தில் ரெசின் பிடிக்காது, உலரும்போது அது முறுக்கிக்கொள்ளும். மரமே வேண்டாம் என்பவர்களுக்குக் கண்ணாடியிழை கலந்த உறுதியான பாலியூரித்தேன் நுரைப் பலகைகள் இருக்கின்றன; கூசா என்ற பெயரில் விற்பவை அவற்றுள் நன்கு அறியப்பட்டவை. அவை இற்றுப்போவதில்லை, எடையும் குறைவு. விலை பல மடங்கு, திருகாணியைப் பிடிக்கும் வலுவும் மரத்தளவு இல்லை. துளைகளை ஒழுங்காக மூடத் தெரிந்தவருக்கு மரமே போதும் என்பது என் எண்ணம். முப்பது ஆண்டு தாங்கினால் எனக்குப் பின் வருபவர் பார்த்துக்கொள்வார்.

பாலியெஸ்டரா, எபாக்சியா?

பணம் தடையில்லை என்றால் எபாக்சி. அது பழைய பாலியெஸ்டர் மேலும் மரத்தின் மேலும் உறுதியாகப் பிடிக்கும், நீரையும் நன்றாகத் தடுக்கும். பாலியெஸ்டர் மலிவானது, படகு கட்டப்பட்டதே அதைக் கொண்டுதான், நன்கு தேய்த்த ஓட்டில், போதிய அடுக்குகளோடு பயன்படுத்தினால் அதுவும் காலத்துக்கு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் வினைலெஸ்டர் என்ற ரெசின் இருக்கிறது. எதைத் தேர்ந்தாலும் வரிசை ஒன்றை மறக்கக் கூடாது: பாலியெஸ்டர் மேல் எபாக்சி ஒட்டும், எபாக்சி மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது.

துணியிலும் கவனம் வேண்டும். வெட்டிய இழைகளாலான மேட் துணியில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைவதற்காகவே அமைந்தது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை. துணி இளகாமல் விறைத்து நிற்கும். ஆகவே எபாக்சிக்கு, இழைகள் இருபுறமும் 45 பாகையில் ஓடும்படி தைக்கப்பட்ட துணியை வாங்குங்கள். 1708 என்ற எண்ணால் குறிப்பிடப்படும் துணி இவ்வகையில் பெயர்பெற்றது. அதன் அடியில் ஒரு மெல்லிய மேட் இருந்தாலும், அது பசையால் அல்லாமல் தையலால் இணைக்கப்பட்டிருப்பதால் எபாக்சிக்கும் ஒத்துவரும். ஸ்டிரிங்கரும் ஓடும் சேரும் மூலையில் விசை சாய்வாகவே பாய்வதால் 45 பாகை இழைகள் இங்கே பொருத்தமானவை.

ரெசின் கலப்பதில் ஆபத்து உண்டா?

உண்டு, இரண்டு வகையில். பாலியெஸ்டரை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட், மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. எடையில் 1 முதல் 2 விழுக்காடு சேர்ப்பது வழக்கம், வெயில் நாளில் 1 போதும். வட அமெரிக்காவில் விற்கும் ரெசினில், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் பெரும்பாலும் முன்பே கலந்திருக்கும். இந்தியாவில் ரெசின், ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் மூன்றும் தனித்தனிப் புட்டிகளில் கிடைப்பதுண்டு. ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள், வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்டைத் தனியாக ஊற்ற வேண்டும். அளக்கும் குவளையும் கலக்கும் குச்சியும்கூட இரண்டுக்கும் வெவ்வேறாக இருக்கட்டும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து.

அடுத்தது வெப்பம். கலந்த ரெசினை வாளியிலேயே விட்டுவைத்தால் அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். பயன்படுத்தும் அளவு மட்டும் கலந்து, உடனே அகன்ற தட்டில் ஊற்றிக்கொள்வது நல்லது.

புதிய பலகையை ஓட்டில் எப்படிப் பதிப்பது?

முதலில் பலகைக்கு ரெசின் பூச்சு, குறிப்பாக வெட்டு விளிம்புகளுக்கு; தண்ணீரை உறிஞ்சுவது அவைதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காலையில், வெப்பம் ஏறும் நேரத்தில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறி, பூச்சு முழுவதும் குமிழிக் குழிகளை விட்டுச்செல்லும். பலகையை வெயிலில் சூடேற்றி, மாலையில் நிழலுக்குக் கொண்டுவந்து பூசுங்கள். குளிரும்போது உள்காற்று சுருங்கி, ரெசினை மரம் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பலகையின் மேல்விளிம்புகளைப் பூசும் முன்பே உருட்டிவிட வேண்டும். கூரான மூலையில் கண்ணாடித் துணி படியாமல் தூக்கிக்கொள்ளும்.

பலகை ஓட்டை நேரடியாகத் தொடக் கூடாது. கூரான விளிம்பு ஓட்டில் அழுத்தினால் அந்தக் கோட்டில் ஓடு வளைந்து வளைந்து, சில ஆண்டுகளில் வெளிப்பூச்சில் வெடிப்பாகத் தெரியும். எனவே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சிலிக்கா தூளும் நறுக்கிய இழையும் கலந்து கெட்டியாக்கிய ரெசினில் பலகையைப் பதியுங்கள். பதம் எப்படி என்றால், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்க வேண்டும்; இட்லி மாவின் பதம் போதாது. பக்கங்களில் பிதுங்கி வருவதை வழித்து, மூலை முழுவதும் 20 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழிவாக ஆக்குங்கள். டிரான்சத்தோடு சேரும் முனையிலும் இதே இடைவெளியும் இதே குழிவும்.

அந்தக் கலவை முழுவதும் இறுகும் முன், இன்னும் லேசாக ஒட்டும் நிலையிலேயே துணியைப் போட முடிந்தால் பிணைப்பு சிறப்பாக அமையும். முதல் அடுக்கு ஓட்டின் மேல் 10 சென்டிமீட்டர் படரட்டும், அடுத்தது 15, மூன்றாவது 20. விளிம்புகள் ஒரே கோட்டில் முடிந்தால் அங்கே விசை குவியும் என்பதற்காக இந்தப் படிக்கட்டு. ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். எபாக்சியை ஓரிரவு விட்டுவிட்டால், மேலே மெழுகு போன்ற படலம் உண்டாகியிருக்கலாம். அடுத்த அடுக்குக்கு முன் அதைத் தண்ணீரில் கழுவித் தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலத்தைப் பரப்பியதாகவே முடியும்.

வடிகால் துளைகளும் திருகாணித் துளைகளும்?

முன்பே சொன்னபடி, பழைய படகு செத்தது இங்கேதான். வடிகாலுக்குத் தேவையானதைவிடப் பெரிய துளையைப் போட்டு, அதில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, சுற்றிலும் எபாக்சியால் அடைத்து, அதன் பிறகே ஸ்டிரிங்கரைப் போர்த்துங்கள். திருகாணி இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் இரு மடங்கு அகலத்தில் துளையிட்டு, கெட்டி எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் திருகாணிக்கான துளையைப் போடுங்கள். அப்போது திருகாணி தொடுவது எபாக்சியைத்தான். நீர் கசிந்தாலும் மரத்தை எட்டாது. எரிச்சலூட்டும் வேலை. என் படகில் இப்படி 140 துளைகள் இருந்தன, ஒன்றையும் விடவில்லை.

இயந்திரத் தாங்கியின் உயரம் அவ்வளவு முக்கியமா?

ஸ்டெர்ன்டிரைவ் படகில் மிக முக்கியம். இயந்திரத்தின் பின்பகுதி டிரான்சத்தில் நிலையாக அமர்கிறது. முன்பகுதி ஸ்டிரிங்கரின் மேல். முன்பகுதி சில மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலே இணைப்புத் தண்டு கோணலாகி, தாங்குருளையும் இணைப்பியும் தேய்ந்துவிடும். தாங்கியில் உள்ள சீரமைப்புத் திருகு சிறு பிழைகளை மட்டுமே ஈடுசெய்யும். முன்பு எழுதிவைத்த அளவுகளின்படி தாங்கும் மேடையை அமைத்து, இயந்திரத்தை இறக்கிய பிறகு அதற்கென உள்ள சீரமைப்புத் தண்டைச் செருகிப் பாருங்கள். இரண்டு விரலால் தள்ளினாலே அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

நுரையைத் திரும்பவும் ஊற்ற வேண்டுமா? அதுதானே தண்ணீரைப் பிடித்தது?

ஊற்ற வேண்டும் என்றே சொல்வேன். அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டின் படகுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 20 அடிக்குக் குறைந்த பெரும்பாலான படகுகள் நீர் நிரம்பினாலும் முழுவதும் மூழ்காதபடி தயாரிக்கப்பட வேண்டும் என்ற விதி வந்தது. அதற்காகத்தான் அந்த நுரை. ஒரு கன அடி நீரின் எடை 28 கிலோ, அதே அளவு நுரையின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு; ஆக ஒவ்வொரு கன அடியும் 27 கிலோவைத் தாங்கிப் பிடிக்கிறது. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில், குளிர்ந்த ஏரியில், படகு கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது மிதக்க வேண்டும். சில படகுகளில் தளத்தையும் ஓட்டையும் விறைப்பாக வைத்திருப்பதிலும் நுரைக்குப் பங்குண்டு.

பழுது நுரையில் மட்டும் இல்லை. அதைச் சுற்றி வடிகால் இல்லாததே காரணம். மூடிய நுண்ணறைகளுள்ள, இரு திரவங்களைக் கலந்து உண்டாக்கும் பாலியூரித்தேன் நுரையை, கீழே ஏராவை ஒட்டி ஒரு குழாய்வழி விட்டுவிட்டு, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் உட்பகுதி கருகும். மூடிய இடத்தில் விரிந்து தளத்தையே தூக்கிவிடும். அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு. வடிகட்டிக் கவசத்தைக் கழற்றாதீர்கள்.

தமிழகக் கரையில் ஓடும் ஃபைபர் படகுகளுக்கும் இது பொருந்துமா?

ஒரு பகுதி பொருந்தும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகப் பெருமளவில் ஃபைபர் படகுகள் கட்டித் தரப்பட்டன. அலையைக் கடந்து மணலில் ஏற்றி நிறுத்தும் படகில் முதலில் தேய்வது அடிப்பகுதி; பூஞ்சையைவிட மோதலும் உராய்வுமே அங்கே பெரிய பகை. ஆனால் பின்பலகையிலோ குறுக்குப் பலகைகளிலோ மரத்தின் மேல் ஃபைபர் போர்த்திய இடம் எங்கிருந்தாலும், இயந்திரத்துக்கோ கயிற்றுக் கொண்டிக்கோ போட்ட துளை மூடப்படாமல் இருந்தால், கதை ஒன்றுதான். அந்தத் துளைகளை அடைக்கும் முறையும், ஓட்டைத் தேய்த்துப் பிணைக்கும் முறையும் அப்படியே பொருந்தும்.

எவ்வளவு பொருள், எவ்வளவு காலம்?

என் 17 அடிப் படகுக்கு, டிரான்சமும் தளமும் சேர்த்து, ஐந்து ஒட்டுப்பலகைகளும் ஏறத்தாழ 55 லிட்டர் ரெசினும் 25 கெஜம் துணியும் செலவாயின. உராய்வுத் தகடுகளை எண்ணவில்லை. 15 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குக் கீழே ரெசின் இறுகத் தயங்குவதால், சூடேற்றிய கொட்டகை இல்லாமல் குளிர்நாட்டில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். மூன்று மாதத்தில் முடிக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் வார இறுதிகளில் திருமணம், பிறந்தநாள் விழா எதற்கும் போகாதவர்களாக இருக்க வேண்டும்.

மறுபடி தண்ணீரில் இறக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

தளத்தை மூடும் முன்பே ஒரு வாளி நீரை அணியத்தில் ஊற்றி, அது ஒவ்வொரு வடிகால் வழியாகவும் தங்காமல் பின்முனைக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். தளப்பலகையின் அடிப்பக்கத்துக்கும் இரண்டு பூச்சு கொடுத்த பிறகே அதைப் பதியுங்கள். முட்டுகளை எடுத்ததும் அந்த அலுமினியச் சட்டத்தை மீண்டும் வெளியே வைத்து, ஐந்தடிக்கும் ஓடு நேராக இருப்பதை உறுதிசெய்யுங்கள். முதல் ஓட்டத்தில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, திரும்பி வந்து இயந்திரத் தாங்கியின் திருகாணிகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். படகு கரையில் நிற்கும்போது அணியம் சற்று உயர்ந்தும் அமரம் எனப்படும் பின்முனை தாழ்ந்தும் இருக்கட்டும்; மழைநீர் வடிந்துபோக அடிமூடியைக் கழற்றி வையுங்கள்.